எட்டாங் கூடை

ஊசிக்கொம்பையில் தட்டு எறிகிறவர்கள் இன்றைக்கும் எட்டாங் கூடைக்கு முன்னால் வாயைத் திறப்பதில்லை. ஏழாங் கூடை வரைக்கும் சத்தமும் கேலியுமாகத்தான் வருவார்கள். அதற்கப்புறம் வரும் மரப்பாலத்தைத் தாண்டியதும், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஆளாளுக்குப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு, எறிந்து, நடந்து, தட்டைப் பொறுக்கிக்கொண்டு, ஒன்பதாங் கூடைக்கு ஏறும் மேட்டில் கால் வைத்த பிறகுதான் அடக்கிய மூச்சோடு பேச்சையும் வெளியே விடுவார்கள். ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "அங்க பேசினா காடு கேட்டுக்கும்" என்பார்கள். கேட்டால் என்ன என்று யாராவது மேலும் கேட்டால், டீக்கடை நபீசாவைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நபீசா டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, யோகமலர் கதையைச் சொல்லத் தொடங்குவாள்.

விளையாட்டு சிக்கலானது இல்லை. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதை மரங்களுக்கு நடுவே வீசி, தூரத்தில் நிற்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். கூடை என்பது ஒரு கம்பம், கம்பத்தின் நடுவில் கம்பி வளைத்த ஒரு தொட்டி, தொட்டிக்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். தட்டு சங்கிலியில் பட்டு, கலகலவென்று சத்தம் எழுப்பித் தொட்டிக்குள் விழும். குறைந்த வீச்சில் விழவைத்தவர் ஜெயித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் தேவதாஸ், சும்மா இருக்கப் பிடிக்காமல், எங்கேயோ பார்த்துவிட்டு வந்து இதை ஊரில் தொடங்கினார். கூடைகளை வெல்டிங் பட்டறை வைத்திருந்த சன்னாசி செய்து கொடுத்தான். அதற்கென்று தனிச் சங்கிலி எங்கும் கிடைக்காததால், கடைவீதியிலிருந்த நாய்ச்சங்கிலிகளையெல்லாம் வாங்கி வந்து தொங்கவிட்டான். அதனால் அந்தச் சத்தம் கேட்டாலே ஊர் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கின.

காடு என்றால் முழுக்கக் காடும் இல்லை. மூடிப்போன ஒரு எஸ்டேட்டின் பின்சரிவில், யாரோ எப்போதோ நட்ட சீகை மரங்களும் கற்பூர மரங்களும் கேட்பாரில்லாமல் நெருங்கி வளர்ந்து, கையை விரித்தால் இரண்டு பக்கமும் மரம் தட்டுகிற அளவுக்கு அடர்ந்திருந்தன. அதற்குள் சந்து சந்தாகத்தான் வழி. எட்டாங் கூடை இருந்த இடம் அந்த நட்ட காடு முடிந்து, யாரும் நடாத சோலைக்காடு தொடங்கும் ஓரம். எறிகிறவர் ஒரு சப்பைப் பாறைமேல் நிற்க வேண்டும். முன்னால் ஒரு சந்து நேராக ஓடி, ஓடையைத் தாண்டி, கடைசியில் வலப்பக்கம் ஒடிந்து திரும்பும். திரும்பின இடத்தில் கூடை. வலக்கைக்காரர்கள் புறங்கையை முன்னால் விட்டு வீசுகிற தட்டோ, வேகம் குறைந்ததும் இடப்பக்கம்தான் சாயும். இடப்பக்கம் சோலை, பகலிலும் உள்ளே எதுவும் தெரியாத சோலை. "எட்டாங் கூடைன்னு பேரு வச்சதே தப்பு மாஸ்டர், எட்டாத கூடைன்னு மாத்திருங்க" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

தட்டு கையைவிட்டுப் போனதும் அதற்குக் கட்டளை போடுவது எறிகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். மெதுவாகப் போனால் "போ, போ, போ!" என்று கத்துவார்கள், தாண்டிப் போனால் "நில்லு, நில்லு!" என்று கெஞ்சுவார்கள். ஒருநாள் சாயங்காலம் மாஸ்டர் சப்பைப் பாறைமேல் நின்று தன் மஞ்சள் தட்டை வீசி, "போ, போ!" என்று கத்தினார். தட்டு போனது. இடப்பக்கம் சாய்ந்தது. சோலைக்குள் நுழைந்தது. விழவில்லை. விழுந்தால் கேட்கவேண்டிய சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக விர்ர்ரென்று ஒரு சன்னமான ஒலி மரங்களுக்கு உள்ளே தூரமாகி, மறுபடி கிட்டே வந்து, மறுபடி தூரமாகி, போய்க்கொண்டே இருந்தது. இருட்டும் வரை நின்று கேட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் நபீசாவின் கடைக்குப் பின்னால் அது கடந்து போவதைப் பால்காரர் கேட்டார். "மாஸ்டர் தட்டு இன்னும் பறக்குது" என்றார். "பறக்கட்டும். மாஸ்டர்தானே போன்னு சொன்னாரு" என்றாள் நபீசா.

அதற்குப் பிறகு நிறையத் தட்டுகள் அப்படிப் போயின. யோகமலரின் தட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் சப்பைப் பாறைமேல் பனி நனைந்து கிடந்தது.

யோகமலர் சன்னாசியின் மனைவி. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். எதையும் வெறுமனே "போ" என்று சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. வேலைக்குக் கிளம்பும் புருஷனிடம் "போயிட்டு வாங்க" என்பாள். மேயப்போகிற கன்றுக்குட்டியிடம் "போயிட்டு வா" என்பாள். காலி சிலிண்டரை ஏற்றிப்போகிற வண்டியைப் பார்த்தும் அவள் வாய் அதையே முணுமுணுக்கும். தட்டை வீசும்போதும் அப்படித்தான். அது போயிட்டு வந்தது. மற்றவர்கள் தட்டுகள் போயின. ஊருக்கு விஷயம் புரிய அவ்வளவு போதும். சப்பைப் பாறையிலிருந்து எது புறப்படுகிறதோ, அதன் முதுகில் அங்கே சொன்ன சொல் ஏறிக்கொள்கிறது. காடு அந்தச் சொல்லை, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி, எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொள்கிறது.

புரிந்ததும் ஊர் அதைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது. வேண்டாததையெல்லாம் அனுப்ப ஆரம்பித்தார்கள். தட்டை வாயருகே வைத்து, இன்னது என்று ரகசியமாகச் சொல்லி, வீசி, "போ" என்றால் போதும். மாஸ்டர் தன் இழுப்பு இருமலை அனுப்பினார். நபீசா தன் கடைக் கூரையைப் பிய்க்கிற குரங்குகளை அனுப்பினாள். ஒருத்தர் குடியை அனுப்பினார். அவருடைய பெண்சாதி, மாமியாரின் குறட்டையை அனுப்பினாள். தபால்காரர் மனைவி லூர்து, பிறந்து சில நாளில் போய்விட்ட குழந்தையின் அழுகைச் சத்தம் காதிலேயே நிற்கிறது என்று அதை ஒரு நீலத் தட்டில் ஏற்றி அனுப்பிவிட்டு, அன்று மத்தியானம் பல மாதங்களுக்குப் பிறகு அசந்து தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்தவர்களும் கோயிலுக்கு வந்தவர்களும் பாறைக்கு முன்னால் ஒரே வரிசையில் நின்றார்கள். மூடுபனி இறங்கும் மத்தியானங்களில் காட்டுக்குள்ளிருந்து இருமலும் குறட்டையும் ஒரு கைக்குழந்தையின் அழுகையும் விர்ர் ஒலிகளுக்கு நடுவே கேட்டன. காட்டோரத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

சன்னாசிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"நான் வெல்டு வச்ச கூடை அது. எம்மேல நம்பிக்கை இல்லாமத்தானே ஆளாளுக்குப் பூசை பண்றீங்க?" என்று டீக்கடையில் கத்துவான். "எறியத் தெரியாதவன் காட்டக் குத்தஞ் சொல்றான்."

"நீ சாமியாரு பேரு வச்சிருக்க, ஒனக்கு இதெல்லாம் தெரியாது" என்பாள் நபீசா. "போய் வெல்டு வையி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யோகமலர் தன் சிவப்புத் தட்டோடு சப்பைப் பாறைமேல் ஏறினாள். அது கோத்தகிரிப் பக்கம் நடந்த போட்டியில் அவள் ஜெயித்து வாங்கியது. அதை வேறு யாரும் தொட விடமாட்டாள். பின்னாலேயே வந்த சன்னாசி அதைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டான்.

"இந்தாங்க, விளையாடாதீங்க. குடுங்க இங்க."

"ஒரு வீச்சு. ஒரே வீச்சு. எங் கூடையில விழுதா இல்லையா பாரு" என்றவன், கையை ஓங்கி வீசிவிட்டு, வேண்டுமென்றே ஊருக்கே கேட்கிற மாதிரி, "போடா கண்ணா, போ!" என்று கத்தினான்.

சிவப்புத் தட்டு சந்தில் நேராகப் போய், ஓடையைத் தாண்டி, இடப்பக்கம் சாய்ந்து, சோலையின் இருட்டில் அணைந்தது. விழுந்த சத்தம் வரவில்லை.

"வந்துரும்" என்றான் சன்னாசி, தலையைச் சொறிந்துகொண்டு.

யோகமலர் அவனைப் பார்த்தாள். போய் எடுத்துக்கிட்டு வாங்க என்று சொல்லத்தான் நினைத்தாள். கோபத்தில் முதல் எழுத்துக்கு மேல் வாய் போகவில்லை.

"போ" என்றாள்.

சன்னாசி முதலில் திகைத்தான். அப்புறம் முகம் மலர்ந்து வாய்விட்டுச் சிரித்தான்.

"அட! கல்யாணமாகி இத்தனை வருசத்துல இன்னிக்கித்தான் மரியாதை இல்லாம ஒரு 'போ' கெடச்சிருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு!" என்று சொல்லி, பாறையிலிருந்து குதித்து, சிரித்துக்கொண்டே சந்தில் நடந்தான். ஓடையைத் தாண்டினான். இடப்பக்கம் திரும்பினான். சிரிப்பு மட்டும் கொஞ்சநேரம் கேட்டது, தூரமானது, கிட்டே வந்தது, மறுபடி தூரமானது.

தேடாமல் இல்லை. ஊர் ஆண்கள் கூட்டமாகப் பாறையில் ஏறி, ஜாக்கிரதையாக, "போயிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். ஓடையைத் தாண்டிப் பத்தடி போனதும் அவர்களுடைய கால்கள் தாமாகத் திரும்பி, வந்த வழியே அவர்களை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தன. வனத்துறை ஆட்கள் வந்தார்கள், அவர்களும் அப்படியே திரும்பினார்கள். வெறுமனே போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்க யாரும் துணியவில்லை. ஒருநாள் யோகமலர் துணிந்து பாறையேறினாள். பின்னாலேயே ஓடிவந்த நபீசா அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

கோடை போய் மழை வந்தது. ஊர் சன்னாசியைப் பற்றி, வெளியூர் வேலைக்குப் போனவனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசப் பழகிக்கொண்டது. பேருக்கேற்ற மாதிரி காட்டுக்குப் போய்விட்டான் என்று முதலில் சிரித்தார்கள். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். அவன் போய்க்கொண்டே இருந்தான். போ என்று சொல்லியிருந்ததால் அவனால் நிற்க முடியவில்லை. மூடுபனி மத்தியானங்களில் காட்டோரத்துப் புல் ஒரு வரிசையாகச் சாயும், ஈரச் செருப்பின் சளக் சளக் கேட்கும், அன்றைக்குத் தொடங்கின அதே சிரிப்பு அறுபடாமல் கடந்து போகும். ஆள் தெரியாது. "இன்னிக்கி ஒங்க வீட்டுக்காரரு மேக்கால போறாரு" என்று சுள்ளி பொறுக்கப் போனவர்கள் வந்து சொல்வார்கள். "செருப்பு தேஞ்சிருச்சு போலம்மா, சத்தம் மாறியிருக்கு." ஒருநாள் செருப்புச் சத்தம் நின்று வெறுங்கால் சத்தம் தொடங்கியபோது, யோகமலர் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்புக்கு அடுத்து என்ன தேயும் என்று அவளுக்குத் தெரியும்.

காட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டும் பார்த்தாள். சொல் தானாக நடந்து உள்ளே போகவில்லை. எதன் முதுகிலாவது ஏறித்தான் போகவேண்டும். கூடையின் சங்கிலிச் சத்தம் மலைச்சரிவு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தோடு ஒரு சொல் சேர்ந்தால் அது எங்கே போய்க்கொண்டிருக்கிறவனுக்கும் கேட்கும். ஆனால் அந்த மழைக்காலம் வரைக்கும் எட்டாங் கூடையில் ஒரே வீச்சில் தட்டு விழுந்ததே இல்லை.

தன்னிடமிருந்த வெள்ளைத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் முதன்முறையாக முயன்றபோது, "வாங்க!" என்று கூவித்தான் வீசினாள். தட்டு பாதி வழியில் ஒரு சீகை மரத்தில் மோதி விழுந்தது. மறுநாள் காலையில் அந்த மரம் சந்துக்குள் இரண்டடி முன்னால் வந்து நின்றது. அது மட்டுமில்லை, பக்கத்தில் இருந்த இரண்டு மரங்களும் சேர்ந்து வந்திருந்தன. மாஸ்டர் வந்து பார்த்தார்.

"நீ கூப்பிட்ட, மரம் வந்துருச்சு" என்றார்.

"நான் ஒண்ணத்தானே மாஸ்டர் அடிச்சேன். கூட ரெண்டு எதுக்கு வந்துச்சு?"

"அது என்ன கணக்கோ. ஆனா யோகம், தப்பா எறிஞ்சா இனிமே வழி அடைச்சுக்கும். அத மட்டும் ஞாபகம் வச்சுக்க."

அதனால் அவள் எட்டாங் கூடையை விட்டுவிட்டு மற்றக் கூடைகளில் வாய் திறக்காமல் பழகினாள். வேலை முடிந்து வந்ததும் மழையில் நனைந்தபடி, புறங்கை வீச்சை மறந்து, உள்ளங்கையை முன்னால் விட்டு, இடுப்போரமாக, சல்லடையைச் சுண்டுகிற மாதிரி மணிக்கட்டால் சுண்டும் வீச்சைப் பழகினாள். அப்படி வீசினால் தட்டு கடைசியில் வலப்பக்கம் சாயும். முதலில் மண்ணில் குத்தியது. அப்புறம் நெட்டுக்குத்தாக எழும்பியது. அப்புறம் தோள்பட்டை வீங்கியது. லூர்து அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். காட்டுக்குள் சிரிப்பு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கரகரத்துக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டிருந்த மத்தியானம் அவள் மறுபடி சப்பைப் பாறைமேல் ஏறினாள். ஊரே பின்னால் வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. முன்னால் வந்த மூன்று மரங்களுக்கு நடுவே ஒரு முழம் சந்து இருந்தது. அவள் மணிக்கட்டைச் சுண்டினாள். "வாங்க!" என்று கூவினாள்.

வெள்ளைத் தட்டு மரங்களுக்கு நடுவே நுழைந்து, ஓடைமேல் தாழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத யாரோ தோளைத் தொட்டதுபோல வலப்பக்கம் திரும்பியது. நாய்ச்சங்கிலிகள் கலகலவென்றன. ஊர் நாய்களெல்லாம் ஒரே சமயத்தில் ஊளையிட்டன. காட்டில் எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு வர ஆரம்பித்தன.

முதலில் தட்டுகள் வந்தன. மஞ்சள், பச்சை, நீலம் என்று பாசி பிடித்தவையும் பிடிக்காதவையும் கூட்டம் கூட்டமாகப் பறந்து வந்து பாறையைச் சுற்றித் தொப்புத் தொப்பென்று விழுந்தன. யோகமலரின் சிவப்புத் தட்டு அவள் காலடியில் விழுந்தது. குரங்குகள் வந்து நேராக நபீசாவின் கூரைக்குப் போயின. மாஸ்டர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இரும ஆரம்பித்தார். குடியை அனுப்பியவர் யாரிடமும் சொல்லாமல் கீழே கடைவீதிப் பக்கம் நடந்தார். குழந்தையின் அழுகை கடைசித் தட்டுக்குப் பின்னால் தனியாக வந்தது. காற்றில் தயங்கித் தயங்கி யாரைத் தேடுகிறது என்று தெரியாமல் சுற்றியது. லூர்து இரண்டு கையையும் நீட்டி, "இங்க, இங்க, வந்துட்டியா" என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

அதோடு நிற்கவில்லை. யாரும் அனுப்பாதவர்களும் வந்தார்கள். தலையில் கம்பளி போர்த்தி, முதுகில் கொழுந்துக் கூடை மாட்டிய பெண்கள் வந்தார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆண்கள் வந்தார்கள். அவர்களுடைய உடுப்பை ஊரில் யாரும் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எந்தத் துரையோ எந்தக் காலத்திலோ போ என்று விரட்டி, அன்றிலிருந்து போய்க்கொண்டே இருந்தவர்கள். வெறுங்காலோடு, சில பேர் முழங்காலுக்குக் கீழே பனியாக, பாறையைத் தாண்டி ஊருக்குள் வந்து, இல்லாமல் போன தங்கள் லயன் வீடுகளுக்கு வழி கேட்டார்கள். ஊசிக்கொம்பையில் பாதிப்பேர், கடலுக்கு அக்கரையில் போ என்று சொல்லப்பட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதனால் அவர்கள் வந்தவர்களிடம் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. எஸ்டேட்டின் காலி லயன்களைத் திறந்து கூட்டிக் கொடுத்தார்கள். நபீசா ஒரு குண்டா நிறையத் தேத்தண்ணி போட்டாள். வந்தவர்கள் குடித்தார்கள். கிளாஸில் தேத்தண்ணி குறையவில்லை. சூடு மட்டும் குறைந்தது.

சன்னாசி வரவில்லை.

எல்லாரும் வந்து முடித்துக் காடு வெறிச்சோடிக் கிடந்தபோது, உள்ளே ஒரே ஒரு சத்தம் பாக்கி இருந்தது. கரகரத்த அந்தச் சிரிப்பு, மேற்கால போய்க்கொண்டிருந்தது.

யோகமலர் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். நபீசா அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு, காடு காலியாகத்தானே இருக்கிறது என்ற தைரியத்தில், காதோடு பேசினாள்.

"ஏண்டி, நீ யாரக் கூப்பிட்ட?"

"எங்க வீட்டுக்காரரத்தான்."

"எப்பிடிக் கூப்பிட்ட?"

"வாங்கன்னு."

"அதான் எல்லாரும் வந்துருக்காங்க. ஒனக்கு அது மரியாதை. அந்தக் காட்டுக்கு என்னடி தெரியும் மரியாதையப் பத்தி? வாங்கன்னா நெறையப் பேருன்னு எடுத்துக்கிச்சு, ஒத்த ஆளுக்குன்னு எடுத்துக்கல. அன்னிக்கி மரம் மூணு வந்துச்சே, அப்பவே நமக்கு ஒறச்சிருக்கணும்."

யோகமலர் அவளைப் பார்த்தாள்.

"அந்த மனுசன ஒத்தையா 'போ'ன்னு அனுப்பியிருக்க. ஒத்தையா 'வா'ன்னு கூப்பிடு. பேரச் சொல்லிக் கூப்பிடு, இல்லேன்னா இன்னும் எவன் எவனோ வருவான்."

"பேரச் சொல்லவா?" என்றாள் யோகமலர். "எங்கம்மா செத்தாலும் சொல்லாதேன்னு சொல்லி அனுப்புச்சுக்கா. புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும். ரேசன் கடையிலகூட கார்டத்தான் நீட்டுவேன்."

"இருக்குற ஆயுசு எங்க கழியுதுன்னு கேளு" என்றாள் நபீசா.

இரண்டு பேரும் கேட்டார்கள். வெறுங்கால் சத்தம். அதற்கு நடுவே ஒரு இழுப்பு. ஒரு கால் இப்போது இழுபட்டது.

யோகமலர் எழுந்து சிவப்புத் தட்டை முந்தானையால் துடைத்தாள். சந்து முன்னைவிட மோசமாக இருந்தது. கூடையில் போட்ட 'வாங்க' எல்லா மரங்களுக்கும் கேட்டிருந்தது. நடுவே இருந்த முழம் ஒரு சாணாகியிருந்தது. தட்டைப் படுக்கையாக விட்டால் போகாது. நிறுத்தி, கத்தி மாதிரி நுழைத்து, தாண்டிய பிறகு அது தானாகப் படுத்து வலப்பக்கம் சாயவேண்டும். அப்படி ஒரு வீச்சை அவள் பழகியது கிடையாது. இந்தத் தடவை மரத்தில் பட்டால் சாணும் இருக்காது.

மூச்சை இழுத்தாள். உள்ளங்கையை முன்னால் விட்டுச் சுண்டினாள். தட்டு கையை விட்டதும், ரேஷன் கடையில் சொல்லாத, ஆஸ்பத்திரியில் சொல்லாத, கல்யாணத்தன்று பெண்கள் சூழ்ந்து கிள்ளிக் கேட்டபோதும் சொல்லாத பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"சன்னாசி! வா!"

தட்டு நெட்டுக்குத்தாகப் போய் இரண்டு பட்டைகளையும் உரசிக்கொண்டு நுழைந்தது. கொஞ்சம் பட்டைத்தூள் பறந்தது. மறுபக்கத்தில் ஒரு விநாடி திகைத்த மாதிரி நின்று, மெல்லப் படுத்து, ஓடைமேல் வழுக்கி, திரும்பியது. அவன் தன் கையால் ஒவ்வொன்றாகக் கோத்துத் தொங்கவிட்ட நாய்ச்சங்கிலிகள் அவன் பெயருக்காகச் சத்தமிட்டன.

சிரிப்பு நின்றது. கால் சத்தம் நின்றது. இத்தனை மாதங்களில் முதன்முறையாக அது திரும்பியது.

சன்னாசி சந்து வழியாக வந்தான். தாடி மார்பு வரைக்கும் இருந்தது. அதில் பாசி இருந்தது. பாதம் இரண்டும் தேய்ந்து வழவழவென்று ஓடைக்கல் மாதிரி இருந்தன. ஆனால் முகத்தில் அன்றைக்கு விட்டுப்போன சிரிப்பின் மிச்சம் அப்படியே இருந்தது. போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவே ஒன்றும் நடக்காததுபோல.

"பேரும் சொல்லிட்டியா" என்றான். "இதுவும் நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு ஓரடி தூரத்தில் நின்றுவிட்டான். அவள் காத்திருந்தாள். அவன் மேற்கொண்டு அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, அவனுக்கே தெரியாமல், அவன் பாதங்கள் சோலையின் பக்கம் திரும்பத் தொடங்கின.

"வா" என்றாள் யோகமலர் அவசரமாக. பாதங்கள் நேராயின. ஓரடி வந்தான்.

அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். பாலத்தில் "சன்னாசி, வா" என்றாள். மேட்டில் சொன்னாள். டீக்கடைத் திருப்பத்தில் சொன்னாள். தெருவில் வீட்டு வாசல்களில் நின்றவர்கள், புருஷன் பெயரை வாயில் எடுக்காத பெண்களெல்லாம், அவள் குரல் எங்கேயாவது தளர்ந்துவிடுமோ என்று, உதட்டசைவில் அவளோடு சேர்ந்து சொன்னார்கள். வாசற்படியில் சொன்னாள். "உக்காரு" என்றதும் உட்கார்ந்தான். "சாப்பிடு" என்றதும் சாப்பிட்டான். "தூங்கு" என்றதும் குழந்தை மாதிரி தூங்கினான்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் சன்னாசி பட்டறைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பழைய பழக்கம்தான். பையிலிருந்து சுத்தியலின் காம்பு எட்டிப் பார்த்தது. அவன் படியிறங்கவில்லை; சொல்லுக்காக நின்றான். தெருமுனையில் நேற்று வந்தவர்களில் சிலர் கம்பளி போர்த்தி நின்றார்கள். மூடுபனி விலகிய இடத்தில் காடு தெரிந்தது. சீகை மரங்கள் நேற்றைவிடக் கொஞ்சம் கிட்டே இருந்தன.

போகவிடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வேலைக்குப் போகிற ஆளின் முகம் அது. அவனை அனுப்பத்தான் வேண்டும். அனுப்புவதற்கு அவள் பிறந்ததிலிருந்து தினம் தினம் சொல்லிவந்த சொல் ஒன்று இருந்தது. அதில் 'வா' கடைசியில் இருந்தது. முதலில் இருந்தது 'போ'. அதைத் தாண்டாமல் இதற்கு வரமுடியாது.

தெருவில் யாரும் அசையவில்லை.

"போயிட்டு" என்றாள்.

சன்னாசி காலைத் தூக்கினான். மேல்பல் கீழுதட்டைத் தொட்டுப் பிரிகிற அந்தச் சின்ன இடைவெளியில் எங்கேயோ ஒரு மரம் கிறீச்சிட்டது.

"வா" என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் பட்டறைப் பக்கம் நடந்தான். யோகமலர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் ஆக இன்னும் வெகுநேரம் இருந்தது.